கார் வந்துவிட்டது, மீட்டர் இன்னும் வரவில்லை

அக்கா போன் செய்தபோது இரவு ஒன்பதரை இருக்கும். மின்சாரக் கார் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் குரலில் அந்தப் புதுவண்டிக் குதூகலம் போயிருந்தது. "டேய், அந்த ராத்திரி ரேட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல, தகுதி இல்லைன்னு பதில் வந்திருக்கு. காரு வாங்கியாச்சு, பேப்பர் எல்லாம் அனுப்பியாச்சு, சுவத்துல சார்ஜரும் மாட்டியாச்சு. இதுக்கு மேல என்னடா தகுதி வேணும்?" என்றாள். வந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொல்லிப் படித்தேன். மொத்தம் நான்கு வரி, அதில் மூன்றாவது வரிதான் விஷயம்: உங்கள் மீட்டரிலிருந்து அரை மணி நேர அளவீடுகள் எங்களுக்கு வந்து சேரவில்லை.

காரைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை.

இதை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. 'மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கான சலுகைக் கட்டணம்' என்று படிக்கிற யாருமே கார் இருந்தால் போதும் என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்காவுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் விதிகளை உட்கார்ந்து படித்தால் முதலில் பார்ப்பது மீட்டரை. அப்புறம்தான் கார், அதற்கப்புறம் சார்ஜர். சில திட்டங்களில் கார் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. இந்த வரிசை தெரியாமல் வண்டியை முன்பதிவு செய்துவிட்டு, இனிமேல் ராத்திரி ராத்திரி மலிவாக ஓடும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் மீட்டரைப் பார்த்தேன். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு, உள்ளே பெயிண்ட் டப்பாக்கள், ஒரு உடைந்த மின்விசிறி, அதற்கும் பின்னால் சுவரில் மீட்டர். டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்மார்ட் மீட்டர்தான். பட்டனை அழுத்த அழுத்தத் திரை மாறுகிறது: மொத்த யூனிட், தேதி, நேரம், மறுபடியும் மொத்த யூனிட். எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆனால் தகவல் அனுப்புகிற பெட்டியில் விட்டு விட்டு மினுக்க வேண்டிய பச்சை விளக்கு இருட்டாக இருந்தது. அதாவது மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. பழைய பில்களை எடுத்துப் பார்த்தால் ஐந்து மாதமாகவே உத்தேசக் கணக்கில்தான் போட்டிருக்கிறார்கள். எந்த நேரத்துக்கும் ஒரே விலை என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரே விலை இருக்கிற வரைக்கும் மாத முடிவில் ஒரு எண் போதும். விலை நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றால், எந்த நேரத்தில் எத்தனை யூனிட் போனது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். அரை மணிக்கு ஒரு அளவீடு என்றால் நாளைக்கு 48. மின்சாரத்தை மொத்தமாக வாங்கி விற்கிற சந்தையே இப்படி நேரத்தைத் துண்டு போட்டுத்தான் நடக்கிறது: பிரிட்டனில் அரை மணித் துண்டு, இந்தியாவில் 15 நிமிடத் துண்டாக நாளைக்கு 96, ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் 2021 அக்டோபரிலிருந்து ஐந்து நிமிடத் துண்டு. உங்கள் வீட்டு மீட்டர் இந்தத் துண்டுக் கணக்கைச் சொன்னால்தான் நிறுவனம் அதை வைத்து உங்களுக்கு மலிவு விலை போட முடியும். 'ஸ்மார்ட் மீட்டர் இருக்க வேண்டும்' என்று விதியில் எழுதியிருந்தால், அதை 'ஸ்மார்ட் மீட்டர் பேச வேண்டும்' என்று படித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவலை நிறுவனம் எடுத்துக்கொள்ள நீங்கள் சம்மதமும் கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் அது ஒரு தனி டிக், விண்ணப்பத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில் இருக்கும். மாதத்துக்கு ஒரு அளவீடு மட்டும் போதும் என்று முன்னால் எப்போதோ தேர்ந்தெடுத்திருந்தால் அதை மாற்றாமல் தகுதி கிடைக்காது.

மலிவு நேரக் கட்டணம் ஒன்றும் புதிதல்ல. பிரிட்டனில் 'எகானமி 7' என்று ஒன்று 1978-லேயே வந்துவிட்டது, ராத்திரி ஏழு மணி நேரம் மலிவு. அந்த நேரத்தில் கனமான செங்கல் நிரப்பிய ஹீட்டர்களைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகல் முழுக்க அந்தச் சூட்டில் குளிர் காய்வார்கள். அதற்கு இரண்டு எண்கள் காட்டுகிற மீட்டர் போதும், ஒன்று பகலுக்கு, ஒன்று ராத்திரிக்கு. உங்கள் வீட்டில் இப்போதும் அந்த மாதிரி இரண்டு எண் மீட்டரோ, வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் தனி வயரிங்கோ இருந்தால் புதிய திட்டங்களுக்கு மாறுவதற்கு முன்னால் நன்றாக விசாரியுங்கள். பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்கும்போது, ராத்திரி தானாக ஆன் ஆகிக்கொண்டிருந்த அந்தத் தனி இணைப்பு என்ன ஆகும் என்று மாற்ற வருகிறவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சரி, பழைய திட்டம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, புதியது மட்டும் ஏன் கார் இருக்கிறதா என்று கேட்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து சுமார் 18 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம், சார்ஜ் ஆகும்போது வீணாவதும் சேர்த்து. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 2,700 யூனிட். பிரிட்டனின் மின் ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் ஒரு சராசரி வீடு வருடம் முழுவதும் செலவழிப்பதாக 2023-இல் வைத்த கணக்கும் அதே 2,700 யூனிட்தான். அதாவது கார் வந்தால் வீட்டுக்குள் இன்னொரு வீடு வந்த மாதிரி. ஆனால் அந்த இன்னொரு வீட்டுக்கு சமையல், விளக்கு, டிவி ஒன்றும் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்தாலும் சரி, அதிகாலை மூன்று மணிக்குக் கொடுத்தாலும் சரி, காலையில் கிளம்பும்போது நிறைந்திருந்தால் அதற்குப் போதும். இவ்வளவு பெரிய சுமை, இவ்வளவு சுலபமாக நகர்த்தலாம் என்பதால்தான் விலையையும் அவ்வளவு இறக்கிக் கொடுக்கிறார்கள். நகர்த்த ஒன்றுமே இல்லாத வீடு இதில் சேர்ந்தால் நிறுவனத்துக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

இந்தக் காரணம் மனதில் இருந்தால் விதிகளின் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும், எந்த விதி நியாயமானது எது வெறும் காகித வேலை என்பதும் புரிந்துவிடும்.

பொதுவாக மூன்று வகைத் திட்டங்கள் இருக்கின்றன. முதல் வகையில் குறிப்பிட்ட மணி நேரத்தில் வீடு முழுவதற்கும் விலை குறையும். கார், வாஷிங் மெஷின், வெந்நீர் எல்லாமே அதில் அடங்கும். நேரம் மாறாது, சார்ஜை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கலிஃபோர்னியாவில் பிஜி அண்ட் இ மின் நிறுவனத்தின் 'இவி2-ஏ' திட்டம் இந்த வகை: தினமும் நள்ளிரவிலிருந்து மதியம் மூன்று மணி வரை மலிவு, சாயங்காலம் நான்கு முதல் ஒன்பது வரை உச்ச விலை. இரண்டாவது வகையில் காருக்கு மட்டும் தனி மீட்டர். அதே நிறுவனத்தின் 'இவி-பி' அப்படித்தான், வீட்டுக் கட்டணம் பழையபடியே இருக்கும், காருக்குப் போவது மட்டும் தனியாக எண்ணப்படும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்னொரு மீட்டர், அதற்கு வயரிங், பலகை, எலக்ட்ரீஷியன் என்று ஆரம்பச் செலவு சேர்ந்துவிடும். சார்ஜருக்குள்ளேயே இருக்கிற சின்ன மீட்டரின் கணக்கை ஏற்றுக்கொள்ளலாம் என்று கலிஃபோர்னியாவின் ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் விதிமுறை கொண்டுவந்தது இந்தச் சிரமத்துக்காகத்தான். மூன்றாவது வகையில் சார்ஜ் எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பதையே நிறுவனம் பார்த்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்கு 80 சதவீதம் வேண்டும் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 'இன்டெலிஜென்ட் ஆக்டோபஸ் கோ' இந்த வகை, அதில் ராத்திரி பதினொன்றரை முதல் காலை ஐந்தரை வரை வீடு முழுவதற்கும் மலிவு.

முதல் வகைக்குத் தகுதி சுலபம். மூன்றாவது வகைக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் உங்கள் காரோ சார்ஜரோ அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்பார்கள், ஆனால் எந்த மாடல், எந்த வருடத்தியது, எந்த ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) என்பது வரைக்கும் பட்டியல் இருக்கும். கார் வழியாக இணைப்பது என்றால் கார் கம்பெனியின் ஆப்பில் உங்கள் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இது. முன்னாடி வைத்திருந்தவர் தன் ஆப்பிலிருந்து வண்டியை நீக்காமல் விட்டிருந்தால், உங்களால் இணைக்கவே முடியாது. அந்த ஆன்லைன் சேவைக்குக் காலம் முடிந்து மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருந்தாலும் அதே கதைதான். சாவி வாங்குகிற அன்றைக்கே, விற்கிறவர் முன்னால் நிற்கும்போதே, இதை முடித்துவிடுங்கள்.

சார்ஜரை முதலில் மாட்டிவிட்டு, கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எந்தக் கட்டணத்துக்குப் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதற்கு ஒத்துவரும் சார்ஜரை வாங்குங்கள். ஒருமுறை சுவரில் ஏறிவிட்டால் பத்து வருடம் அங்கேயே இருக்கும் பொருள் அது.

சார்ஜரே வேண்டாம், சாதாரண பிளக் பாயின்ட்டிலேயே போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் பெரும்பாலும் முதல் வகைத் திட்டத்தில் தடை இருக்காது. ஆனால் நேரம் போதாது. 10 ஆம்பியர், 230 வோல்ட் என்றால் 2.3 கிலோவாட். மலிவு விலை ஐந்து மணி நேரம் என்றால் அதற்குள் பதினொன்றரை யூனிட்தான் ஏறும், அது சுமார் 64 கிலோமீட்டர். 32 ஆம்பியர் சார்ஜர் என்றால் 7.4 கிலோவாட், அதே ஐந்து மணி நேரத்தில் 37 யூனிட், 205 கிலோமீட்டர். தினமும் 40 கிலோமீட்டர் போய் வருகிறவருக்குப் பிளக் பாயின்ட்டே தாராளம். வாரத்தில் மூன்று நாள் நெடுந்தூரம் போகிறவருக்கு மீதி சார்ஜ் பகல் விலையில் விழும், அங்கேதான் கணக்கு கெடும். பிளக்கில் போடுபவர்கள் வயரையும் பாயின்ட்டையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுப் போடுங்கள், இரவெல்லாம் தொடர்ந்து இழுக்கும்போது தளர்ந்த இணைப்பு சூடாகும்.

கட்டண விதிகளோடு இன்னொரு விதியும் ஓடுகிறது, பலருக்குத் தெரியாது. கிரேட் பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், வாங்கும்போதே உச்ச நேரத்தைத் தவிர்க்கிற மாதிரி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். வார நாட்களில் காலை எட்டு முதல் பதினொன்று, மாலை நான்கு முதல் இரவு பத்து, இதுதான் அந்த உச்ச நேரம். வேண்டுமானால் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, சார்ஜ் தொடங்கும்போது பத்து நிமிடம் வரை தற்செயலான ஒரு தாமதம் அதில் வைத்திருக்கிறார்கள். மலிவு நேரம் பன்னிரண்டரைக்கு ஆரம்பம் என்றால் லட்சக்கணக்கான கார்கள் பன்னிரண்டரை மணி, பூஜ்யம் நொடிக்கு ஒன்றாகப் பாய்ந்தால் மின்தொகுப்பு திணறும் இல்லையா, அதைக் கலைத்துவிடத்தான். அக்கா முதல் வாரத்தில், "பன்னெண்டரைக்கு வெச்சேன், பன்னெண்டு முப்பத்தஞ்சுக்குத்தான் ஆரம்பிக்குது, மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். இந்த மாதிரித் தாமதத்தைத்தான் அவளுடைய சார்ஜரும் எடுத்துக்கொண்டது.

அடுத்து காகிதங்கள். விதியில் 'மின்சாரக் கார் வைத்திருப்பவர்' என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள், வாழ்க்கையில் அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர் அடங்காமல் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கார் குத்தகைக்கு எடுத்தது, பதிவுச் சான்றில் குத்தகை நிறுவனத்தின் பெயர். வேலை பார்க்கும் இடத்தில் கொடுத்த கார், பேப்பரில் கம்பெனியின் பெயர். எங்கள் அக்கா வீட்டில் கார் அவள் பெயரில், மின் இணைப்பு அத்தான் பெயரில். "ஒரே வீடுதானே, இதுல என்ன இருக்கு?" என்று அத்தான் கேட்டார், நியாயமான கேள்வி. ஒரே முகவரி இருந்தால் சில நிறுவனங்கள் ஏற்கின்றன, சில நிறுவனங்கள் கணக்கு வைத்திருப்பவர் பெயரிலேயே கேட்கின்றன. குத்தகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் பத்திரம், சார்ஜர் மாட்டிய ரசீது, இவற்றில் எதை ஆதாரமாக எடுத்துக்கொள்வீர்கள் என்று விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். போனில் சொல்வதை நம்பிப் போக வேண்டாம், பதில் சொல்கிறவர் நாளைக்கு வேறொருவராக இருப்பார்.

பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோலிலும் ஓடி சார்ஜும் போட்டுக்கொள்கிற கார், வைத்திருப்பவர்களுக்கு இன்னும் குழப்பம். வீடு முழுவதற்குமான வகையில் அவர்களையும் சேர்த்துக்கொள்கிற திட்டங்கள் உண்டு, பிஜி அண்ட் இ விதியில் அவர்களும் வருவார்கள். நிறுவனமே சார்ஜை நடத்துகிற வகையில் அந்தக் கார்கள் பட்டியலில் இல்லாமல் போவது சகஜம், சின்ன பேட்டரி, தூரத்திலிருந்து கட்டுப்படுத்துகிற வசதி குறைவு. அவர்களுக்குச் சார்ஜர் வழியாக நுழைவதுதான் வழி. பேட்டரியே பத்துப் பதினைந்து யூனிட் என்றால், தனிக் கட்டணத்துக்குப் போவது லாபமா என்பதையும் பார்க்க வேண்டும்.

லாபம் என்று வரும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தகுதி கிடைத்துவிட்டது என்பதால் அந்தக் கட்டணம் உங்களுக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. ராத்திரி விலையை இறக்குகிற திட்டங்கள் பெரும்பாலும் பகல் விலையைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கும், விளம்பரத்தில் ராத்திரி விலைதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு உதாரணம் போடுவோம். இப்போது எந்நேரமும் ஒரு யூனிட்டுக்கு 100 காசு என்று வையுங்கள், எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. புதுத் திட்டத்தில் ராத்திரி 35, பகல் 115. மொத்த யூனிட்டில் சுமார் 19 சதவீதமாவது ராத்திரியில் விழுந்தால்தான் பழைய பில்லும் புதிய பில்லும் சமமாகும், அதற்கு மேல் போனால்தான் மிச்சம். மாதம் 1,250 கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டில் காருக்கே 225 யூனிட் ராத்திரியில் போகும், யோசிக்கவே வேண்டாம். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, வீட்டுக்கு 300 யூனிட் செலவழிக்கிற குடும்பத்தில் காருக்கு 54 யூனிட்தான், அது மொத்தத்தில் 15 சதவீதம். வேறு எதையும் ராத்திரிக்கு நகர்த்தாவிட்டால் அந்தக் குடும்பம் நஷ்டப்படும், அவர்களிடம் எல்லாத் தகுதியும் இருந்தாலும். உங்கள் எண்களை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பகலெல்லாம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், ஏசி ஓடுகிற வீடுகள், வயதானவர்கள் இருக்கிற வீடுகள் கண்டிப்பாகப் போட வேண்டும்.

மேற்கூரையில் சோலார் இருந்தால், மிச்சத்தை விற்கிற திட்டமும் இந்தத் திட்டமும் ஒன்றாக ஓடுமா என்று கேளுங்கள். காரை விற்றுவிட்டால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்பதையும்.

இவ்வளவு நேரமும் ராத்திரி, ராத்திரி என்றே எழுதிவிட்டேன், பேச்சில் அப்படித்தான் வருகிறது. ஆனால் மலிவு நேரம் என்றால் ராத்திரி என்பது மாறிக்கொண்டு வருகிறது. வெயில் மின்சாரம் நிறைய சேர்ந்துவிட்ட இடங்களில் நடுப்பகலில்தான் மின்சாரம் மிஞ்சுகிறது, சூரியன் சாய்ந்த பிறகு எல்லோரும் வீட்டுக்கு வந்து விளக்குப் போடும்போது தட்டுப்பாடு. இந்தியாவில் 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதைத்தான் எடுத்துக்கொண்டன: நாளில் எட்டு மணி நேரம் 'சூரிய நேரம்', அப்போது கட்டணம் சாதாரண விலையைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 1.1 மடங்கு, 10 கிலோவாட்டுக்கு மேல் தேவையுள்ள தொழில், வணிக இணைப்புகளுக்குக் குறைந்தது 1.2 மடங்கு. அந்தப் பெரிய இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1, விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 என்று விதி நாள் குறித்தது, ஸ்மார்ட் மீட்டர் வைத்தவுடன் அமலாக வேண்டும் என்றும் சொன்னது. இதில் கார் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை, மீட்டர்தான் தகுதி. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2024-இல் வந்த வழிகாட்டுதலும் சூரிய நேரத்தில் கட்டணம், ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து கொடுக்க ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று வைத்தது. பகலில் கார் அலுவலக வாசலில் நிற்கிற ஆளுக்கு வீட்டு மீட்டரில் பகல் மலிவு இருந்து என்ன பயன் என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். வேலை பார்க்கும் இடத்தில் பிளக் வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

எனக்கு மிகவும் நியாயமாகப் பட்ட விதி, நான் முன்னால் சொன்ன அந்த 'இவி2-ஏ' உடையது. பெயரில் கார் இருந்தாலும், கார் இல்லாதவர்களும் அதில் சேரலாம், வீட்டில் பேட்டரி இருந்தாலோ, வெந்நீருக்கோ அறைக்கோ மின் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் கருவி) இருந்தாலோ போதும். கார் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது 'நகர்த்தக்கூடிய சுமை இருக்கிறதா' என்ற கேள்வி என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. கூடவே ஒரு வரம்பும் உண்டு, வருடம் முழுக்க ஓடும் யூனிட், அந்தப் பகுதி வீடுகளுக்கு என்று வைத்திருக்கும் அடிப்படை அளவில் 800 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எல்லா நிறுவனங்களும் இப்படி எழுதலாம், எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் இப்போதிருக்கும் விதிகளில் வெளியே நிற்பவர்கள் யார் என்று பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. சொந்த வாசல் இருப்பவருக்கு மலிவு. அடுக்குமாடியில் பொது இடத்தில் வண்டியை நிறுத்துகிறவருக்கு வீட்டு மீட்டரிலிருந்து வயர் எட்டாது, அவர் பொது சார்ஜரில் பல மடங்கு கொடுத்துப் போடுகிறார். வாடகை வீட்டில் இருப்பவர் மீட்டரை மாற்ற வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், சுவரில் துளை போட இன்னொரு தடவை கேட்க வேண்டும். முன்பணம் கட்டி மின்சாரம் வாங்குகிற மீட்டர் வைத்திருப்பவர்களைப் பல திட்டங்கள் சேர்ப்பதே இல்லை, பில்லை மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்குத்தான் அதிகம். இவர்களுடைய காரும் ராத்திரி முழுக்கச் சும்மாதான் நிற்கிறது, அதே சுமை, அதே அளவுக்கு நகர்த்தலாம். அடுக்குமாடியில் ஒவ்வொரு வண்டி நிறுத்துமிடத்திலும் சார்ஜருக்குள் இருக்கும் மீட்டரின் கணக்கை எடுத்து அந்தந்த வீட்டுப் பில்லில் சேர்ப்பது தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் இல்லை, விதியில் இடம் வேண்டும், அவ்வளவுதான். குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்புங்கள், கட்டண விசாரணை நடக்கும்போது ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள். பொதுமக்கள் கருத்துக்கு நாள் கொடுப்பார்கள், அதில் கம்பெனிகளும் தொழில்துறை அமைப்புகளும்தான் பெரும்பாலும் எழுதுகின்றன.

ஒரு சின்ன விஷயம், மறந்துவிடுவேன். கடிகாரங்களைச் சரிபாருங்கள். மீட்டருக்கு ஒரு நேரம், சார்ஜருக்கு ஒரு நேரம், காருக்கு ஒரு நேரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிற நாடுகளில் சில மீட்டர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடும், அப்போது மலிவு நேரமும் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். காரிலும் சார்ஜரிலும் இரண்டிலும் நேரம் குறித்து வைத்தால் ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும், காலையில் வண்டி காலியாக நிற்கும். ஒன்றில் மட்டும் வையுங்கள்.

அக்காவின் மீட்டருக்கு வருவோம். மீட்டரை மாற்ற வேண்டியிருக்கவில்லை, தகவல் பெட்டியை மட்டும் மாற்றினார்கள். அதற்கு ஆள் வர மூன்று வாரம் ஆனது, இரண்டு தடவை தேதி மாறியது. நான்கு வரி மெயிலில் 'உங்கள் மீட்டர் எங்களோடு பேசவில்லை, இந்த எண்ணைக் கூப்பிட்டால் சரிசெய்வார்கள்' என்று ஐந்தாவதாக ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம். தகுதி இல்லை என்று சொல்கிற கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்த ஐந்தாவது வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்த பிறகும் அளவீடுகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்க்கச் சில நாள் எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் காகிதம், அத்தான் கணக்கில் அக்காவின் பெயரையும் சேர்த்தோம், ஒரு வெள்ளிக்கிழமை ஒப்புதல் வந்தது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அரை மணிக்கு ஒரு தூண், மொத்தம் 48. சாயங்காலம் முழுக்கப் புல் மாதிரிக் குட்டையாக இருந்த தூண்கள் பன்னிரண்டரைக்கு மேல் திடீரென்று உயர்ந்து, ஒவ்வொன்றும் மூன்றரை யூனிட்டுக்கு மேல் காட்டி, நாலரைக்கு மறுபடியும் படுத்துவிட்டன. கீழே அவள் எழுதியிருந்தது: "நாலரைல இருந்து அஞ்சரை வரைக்கும் இன்னும் ஒரு மணி நேரம் மலிவா இருக்கேடா. துணி துவைக்கிற மெஷினுக்கு டைமர் எப்படி வைக்கிறதுன்னு சொல்லு."